முதல் தண்ணீர்

இருபத்தெட்டாம் நிமிடம்.
எலியின் ஈரல் வெளுத்துக் கிடக்கிறது
வேகவைத்த மொச்சைத் தோல் நிறத்தில்.
நாளத்தில் நான் மாட்டிய கிடுக்கி
அரிசிமணி அளவுதான்.

முப்பது. எடுத்துவிட்டேன்.
ஓரத்திலிருந்து சிவப்பு ஏறுகிறது.
பார்க்க நன்றாகத்தான் இருக்கும்,
பழுது இனிமேல்தான்.
பட்டினி கிடந்த செல்லை
திரும்பி வந்த ரத்தமே பொசுக்கும்.

ராத்திரி பக்கிரிசாமியிடம் சொன்னேன்.
என் வீட்டுக்காரர் வெண்ணாற்றில் லஸ்கர்.
ரசஞ்சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார்.
"இதுக்கா எலியை அறுக்கிற?
ஜூன்ல வந்து மதகடியில நில்லு.
காஞ்ச ஆத்துல மொதத் தண்ணி
சாதுவாவா வருது?
நுரை, கருவ முள்ளு, பாட்டிலு, செத்த நாயி.
வெடிச்ச கரையில பூந்தா
கரையையே கொண்டுட்டுப் போயிடும்.
ஷட்டரை நாலு வெரக்கடைதான் தூக்கணும், மொதல்ல."

நாலு விரற்கடை.
குறிப்பேட்டில் எழுதினேன். அடித்துவிட்டேன்.

குப்பியில் கீழாநெல்லி, பழுப்பாக.
மருந்தடிக்காத வரப்பாய்த் தேடி
வடுவூர் தாண்டிப் போய்ப் பிடுங்கியது.
ஏழு நாள் முன்கூட்டியே குடித்த எலிகளுக்கு
ரத்தத்தில் நொதி குறைந்திருந்தது,
ஆறில் நான்குக்கு.
ஐந்தாவது இரண்டுங்கெட்டான்.
ஆறாவது காலையில் விறைத்துக் கிடந்தது.
காரணம் மருந்துக்கும் கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சவுரியம்மா வந்தாள்.
அவள் அண்ணனுக்கு ஈரலில் கட்டி,
திங்கட்கிழமை அறுவை.
மஞ்சப்பை நிறைய அதே செடி,
வேரில் சேறு காயவில்லை.
"நீதானே இதுல ஆராய்ச்சி பண்ற.
எத்தனை டம்ளர் குடுக்கணும்?"

எத்தனை டம்ளர்.
நூற்றெண்பது கிராம் எலிக்கு என்றால்
உடனே சொல்லிவிடுவேன்.
"வேணாங்க்கா. டாக்டரைக் கேக்காம
ஒரு வாய்கூடக் குடுக்காதீங்க."
கடைமடைக்காரி
தண்ணீர் விடாத மேல்வயல்காரியைப்
பார்ப்பதுபோலப் பார்த்தாள்.
பையை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

திங்கள், பத்து மணி.
செடியை எடை போட்டேன்: நானூற்றுப் பத்து கிராம்.
பதிவேட்டில் 'கிடைத்த இடம்' என்ற கட்டத்தில்
பேனா நின்றது.
இந்நேரம் அங்கே
யாரோ ஒருவர் நாளத்தைப் பிடித்திருப்பார்,
யாரோ ஒருத்தி நிமிடங்களை
உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

மெதுவாக, என்றேன்.
கூண்டிலிருந்த எலிகள் நிமிர்ந்து பார்த்தன.