அரை மில்லிமீட்டர்

சுங்கை கடுட்டில் மூன்றாம் மாடிப் பட்டறை.
ஓட்டை போடுவது என் வேலை இல்லை,
ஓட்டை போடும் மூக்கைச் செய்வது.
நான் அலகு என்பேன், பூன் கியாட் பிட் என்பான்.
பறவைக்கும் அலகு, அளவைக்கும் அலகு:
இரண்டையும் ஒரே சொல்லில் வைத்த மொழிக்கு
எங்கள் தொழில் கொஞ்சம் தெரிந்திருக்கிறது.

இரும்புக்குச் செய்த அலகு
மரத்தில் வழி தவறும்.
ரேகையின் மெத்தென்ற பக்கம் பார்த்துச்
சாய்ந்துகொண்டே போகும்.
ஆகவே நடுவில் ஒரு முள்.
முதலில் அது குத்தி நிற்க வேண்டும், இங்கேதான் என்று.
பிறகு ஓரத்துப் பற்கள் நாரை வட்டமாய் அறுக்க,
அதற்கப்புறமே உள்வாய் சீவலாம்.
முறை மாறினால் விளிம்பெல்லாம்
நாய் குதறிய ரொட்டி.

சீவல் மேலே ஏறிவரச் சுருள் பள்ளம்.
அது ஆழம் குறைந்தால் தூள் அடைத்துச் சூடேறி
நியாத்தோ பலகை கருகும்;
அன்று முழுக்கச் சட்டையில்
டீத்தூள் தீய்ந்த வாடை.

இவ்வளவும் தெரிந்த நான்தான்
கூட்டிப் பார்க்காமல் விட்டேன்.
பிடோக்கில் ரொஹாயா அம்மையார் வீட்டு அலமாரி.
கதவின் கனம் பதினாறு மில்லிமீட்டர்,
கீலுக்குக் குழி பன்னிரண்டரை,
மிச்சம் மூன்றரை.
என் முள்ளின் நீளம் நான்கு.

வெள்ளைக் கதவின் முகத்தில்
எறும்பு நுழையத் திணறும் ஒரு துளை.
அவர் சத்தம் போடவில்லை.
படம் எடுத்து அனுப்பினார்,
கீழே ஒரே ஒரு கேள்விக்குறி.

புதுக் கதவு போனது, பழையது திரும்பி வந்தது.
மேற்கு வெயிலில் பசை இறுகுகிறதென்று
பூன் கியாட் அதை
சாமான் அறையின் ஜன்னலில் அடித்து வைத்தான்.

நாலரை மணிக்கு
பசை எடுக்கப் போனேன். கும்மிருட்டு.
விளக்கின் பொத்தானைத் தடவும்போது
எதிர்ச்சுவரில் ஒரு லாரி தலைகீழாகப் போனது.
பின்னால் இன்னொன்று, ஒரு சைக்கிள்.
சாலை கூரையில், வானம் என் செருப்பருகே.
பலகை ஏற்றிய வண்டிகள்
சக்கரத்தை மேலே தூக்கிக்கொண்டு
ஒரு சிம்பும் சிந்தாமல் போயின.

பூன் கியாட்டைக் கூப்பிட்டேன்.
வெகுநேரம் பார்த்தான்.
அந்தச் சிவப்பு லாரி
நம் கடன் பாக்கிக்காரனுடையது என்றான்.

மறுநாள் வரைபடத்தில்
நான்கை அடித்து மூன்று என்று எழுதினேன்.
அரை போதும்; இன்னொரு அரை, பயத்துக்கு.
இனி எங்கள் அலகு குடையும் எந்தக் கதவிலும்
வெளிச்சம் நுழையாது.
தேதி போட்டுக் கையெழுத்திட்டேன்.