அல்லது அதற்கு நிகரானது

பிப்ரவரி, செவ்வாய், மாலை நாலு மணி.
ஹல் நகராட்சியின் மூன்றாம் மாடியில்
ஹீட்டர் மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.
மூன்று பேனா, மூன்று கையெழுத்து.
அதுவரை நான் ஃபிலிப்பா கார்பட்டின் கட்டடக்கலைஞர்.
மை காய்ந்ததும் கீத் ஆக்ஸ்டபியின் ஆள்.

நொவேஷன் என்று அதற்குப் பெயர்.
கேட்டால் வானத்தில் ஏதோ புதிதாய் வெடித்ததுபோல் இருக்கும்.
நடந்ததென்னவோ
தண்ணீர் விடாமல் தாரை வார்த்துக் கொடுத்ததுதான்.
இரண்டு வருடம் தினமும் போன் செய்தவள்
மேலங்கியை மாட்டிக்கொண்டே
"இனி கீத் வழியாகப் பேசுவோம்" என்றாள்,
கொஞ்சம் கூச்சத்தோடு.

ஒப்பந்தம் கடையில் வாங்கியது.
பள்ளிக்கூடத்துக்கும் பிணவறைக்கும் ஒரே அச்சு.
காலி இடங்களை நிரப்பினால் போதும்:
ஒரு வாரத் தாமதத்துக்கு இத்தனை பவுண்டு,
முடிந்தபின் பன்னிரண்டு மாதம் குறை தீர்க்க.
என்னிடம் அது கேட்பது
நியாயமான திறமை, நியாயமான கவனம்.
அதற்கு மேல் இருந்ததையெல்லாம்
என் காப்பீட்டு நிறுவனம் அடித்துவிடச் சொன்னது.
அடித்த கோட்டின் ஓரத்தில்
மூன்று பேரின் சுருக்கொப்பம்.

நீச்சல்குளம்.
ஹெஸ்ஸில் சாலைக்குத் தெற்கே,
ஹம்பரின் சேற்று வாடை எட்டும் தூரத்தில்.
நான் வரைந்ததில் எனக்குப் பிடித்தது ஒரு சரிவு:
பதினைந்துக்கு ஒன்று.
கரையிலிருந்து தண்ணீருக்குள் நடந்தே போகலாம்,
உருட்டிக்கொண்டும் போகலாம்.
தேவாலயக் கூடத்தில் நடந்த கருத்துக்கேட்பில்
மோரீன் ஸ்டேதர்ஸ் சக்கர நாற்காலியிலிருந்து சொன்னாள்:
"என்னை கிரேன்ல தூக்காதீங்க.
நான் மீன் பெட்டி இல்லை."
எல்லோரும் சிரித்தார்கள். நான் குறித்துக்கொண்டேன்.

ஏப்ரலில் இரும்பு விலை ஏறியது.
கீத் கெட்டவர் இல்லை.
மாறாத தொகைக்குத் தலையாட்டியவர்;
நூற்றுக்கு இரண்டு மிஞ்சினால் அது நல்ல வருடம்.
தளத்துக் கன்டெய்னரில்
நகராட்சியின் தேவைப் பத்திரத்தை விரித்து
மேலே தேநீர்க் கோப்பையை வைத்து
ஒரு வரியை விரலால் தட்டினார்.
"பயனர் அனைவரும் நீரில் இறங்க வழி:
சரிவு, அல்லது அதற்கு நிகரானது."
தூக்கி நாற்காலி நிகரானதுதானே, ஹிலாரி?
எண்பத்துநாலாயிரம் மிச்சம்.

அந்த வரியை எழுதியது நான்.
ஃபிலிப்பாவுக்காக, போன கோடையில்,
டெண்டர் போடுபவர்களுக்கு மூச்சுவிட இடம் வேண்டுமே என்று.
கை தானாக எழுதிவிடும் மூன்று சொல்.
இப்போது மறுபக்கம் நின்று படிக்கிறேன்.
எவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறேன்,
யானையே தாராளமாக நுழையும்.

அன்றிரவு ஃபிலிப்பாவின் எண்ணை எடுத்துப் பார்த்தேன்.
எங்களுக்கிடையில் இன்னும் ஒரு தாள் உண்டு,
பக்க உத்தரவாதம்.
கூரை ஒழுகினால் அவள் என்மேல் வழக்குப் போடலாம்.
போன் வெளிச்சம் தானாக அணைந்தது.

காலையில் வரைந்தேன். திருத்தம் சி-4.
மாறிய இடத்தைச் சுற்றி
மேகம்போல ஒரு கோடு போடுவது வழக்கம்.
போட்டேன்.
மேகத்துக்குள் சரிவு இல்லை.

அடுத்த வருடம் நவம்பரில்
குறைகளைத் தேடி வரிசையாக நடந்தோம்.
இரண்டு ஓட்டில் விரிசல்,
ஆண்கள் பக்கம் கதவு உரசுகிறது,
ஒரு விளக்கு சிமிட்டுகிறது.
தூக்கி நாற்காலியின் எதிரே நின்று
ஃபிலிப்பா என்னைப் பார்த்தாள்.
பதில் கீத் சொன்னார்.
பட்டியலில் அது ஏறவில்லை:
ஒப்பந்தப்படி அது குறை இல்லை.

திறப்பு நாளில் மோரீன் வந்தாள்.
பெல்ட் மாட்டினார்கள். மோட்டார் முனகியது.
கொஞ்ச நேரம் அந்தரத்தில் கால்கள் தொங்கின.
உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் படம் எடுத்தார்.
அவள் யாரையும் பார்க்கவில்லை,
கூரையைப் பார்த்தாள்.
பிறகு மல்லாந்து மிதந்தபடி
எட்டு முறை போய்வந்தாள்.

கூட்டம் கலைந்ததும் கரையில் குந்தி
தண்ணீரில் கைவிட்டேன்.
சுவரிலிருந்த மானியும் அதையே சொன்னது:
முப்பது டிகிரி.
அதை மட்டும்
நான் எண்ணால் எழுதியிருந்தேன்.