பத்து மணித் திசை

வெள்ளிக்கென்று ஒரு முகம் கிடையாது.
எதிரே நிற்பதை எடுத்துப் பூசிக்கொள்ளும்.
நேற்று ராணியின் கன்னத்தில்
ஃபோர்ட் ஜன்னலின் நாலு கம்பி,
என் கறுப்புச் சட்டை.

இன்று வெள்ளைச் சட்டை.
நாணயத்துக்கு மேல் சாய்த்த கண்ணாடித் துண்டு,
பக்கவாட்டில் ஒற்றை விளக்கு,
குறுக்கே ட்ரேசிங் தாள்.
கீழ்த்தளத்து அச்சு இயந்திரம் மூச்சுவிடும் நேரம் பார்த்து
ஷட்டர்.

துடைக்கவே கூடாது.
விளிம்போரம் படிந்த நீலத்துக்குத்தான் விலை.

விளக்கு பத்து மணித் திசையில் இருந்தால்
கிரீடத்தின் மணிகளை எண்ணலாம்.
சும்மா இரண்டுக்கு நகர்த்தினேன்.
உச்சியில் ஒரு மேடு,
அரத்தால் ராவிய கோடுகள்:
வளையம் பற்றவைத்த தழும்பு.

திருப்பினேன்.
பின்பக்கப் பூக்கள் மழுங்கிக் கிடந்தன.
எத்தனை வருஷம், எந்த நெஞ்சில் உரசியதோ,
வியர்வையோடு.

"பத்தே போதும், நளாயினி"
என்றார் பட்லிவாலா, கண்ணாடியைக் கழற்றாமல்.
ஏலப் பட்டியல் நாளை அச்சுக்கு.

வெளியே மழை கட்டிய வானம்,
இந்த ஊரில் ஓசியில் கிடைக்கும்
ஒரே நல்ல வெளிச்சம்.
ஜன்னலோரம் வைத்து
இன்னொன்று எடுத்தேன், தழும்போடு.

இரண்டையும் அனுப்பினேன்.
பில்லில் ஒன்றுதான் போட்டேன்.