பக்கம் திருப்புகிறவன்

காலை ஷிப்டில்
பெங்களூரா மாம்பழக் கூழுக்கு இனிப்பு அளந்தேன்.
பதினாறு. பதினாறரை. ஒரு பீப்பாய் மட்டும் பதினான்கு.
மாலையில்
பழையபேட்டை மிஷன் பள்ளி மண்டபத்தில்
பியானோ வாசிப்பவருக்கு இடப்பக்கம்
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.
கிருஷ்ணகிரியில் எனக்குத் தெரிந்து
ஐந்து கோட்டு இசைக்குறிப்பைப் படிக்கிறவர்கள் மூவர்.
ஒருவருக்குக் கண்புரை.
ஒருவர் பாதிரியார், வரவேற்புரை அவருடையது.
மிச்சம் நான்.

ஓசூரிலிருந்து குட்டி யானையில் வந்தது பியானோ,
மூன்று மெத்தைகளைச் சுற்றிக்கொண்டு,
சூளகிரி வரை நின்று நின்று.
இறக்கிவைத்துத் தட்டிப் பார்த்தால்
சுருதி ஒரு நூல் கீழே.
சரிசெய்கிற ஆள் பெங்களூரில். ஞாயிற்றுக்கிழமை வேறு.
லூர்துநாதன் ஒன்றும் சொல்லவில்லை.
வயலினைத் தோளில் சாத்தி
ஒவ்வொரு கம்பியாகப்
பியானோவின் குறைக்கு இறக்கிக்கொண்டார்.
இருநூறு சொச்சம் கம்பி வைத்திருப்பதோடு
நாலு கம்பிக்காரர் என்ன வழக்காட முடியும்.

மின்விசிறி போட்டால் தாள் பறக்கும்,
நிறுத்தினால் கூட்டம் பறக்கும்.
ஒன்றாம் எண்ணில் சுழலவிட்டுத்
துணிக்கிளிப் வாங்கிவந்தோம்.
கழற்றி மாட்டுவதும் என் கணக்கில் சேர்ந்தது.
எப்சிபா என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:
"தலையை ஆட்டுவேன்.
ஆட்டாவிட்டாலும் திருப்புங்க."

வேகமான முதல் பகுதியில்
எனக்குக் கேட்டது ஒன்று, மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது.
அவர் மூச்சை உள்ளே இழுக்கிறார்,
அதே நொடியில் இந்த அம்மாவும்.
இரண்டு மூக்குகள் சேர்ந்து ஆரம்பிக்கின்றன,
வயலினும் பியானோவும் அதற்குப் பிறகுதான்.

இரண்டாம் பகுதி மெதுவானது.
கன்னியாஸ்திரி ஒருவர் கண்ணை மூடிக்கொண்டார்.
சமோசாவுக்கு வந்த பையன்கள் கூட
காலாட்டுவதை நிறுத்தியிருந்தார்கள்.
ஏழாம் பக்கத்தின் கடைசி வரி.
தலை ஆடியது. திருப்பினேன்.
எட்டு இருக்கவேண்டிய இடத்தில் பத்து.

கூழ்.
எத்தனை சோப்புப் போட்டாலும்
விரலிடுக்கில் ஒரு பதினாறு மிஞ்சும்.
எட்டும் ஒன்பதும்
ஒன்றையொன்று விடாமல் பிடித்திருந்தன.

அவர் கைகள் நிற்கவில்லை.
இருட்டுப் படிக்கட்டில் பழக்கத்தில் இறங்குவதுபோல்
மனப்பாடத்தில் இரண்டடி நடந்தன,
மூன்றாவதில் படி இல்லை.
இடது கை மட்டும் ஒரே இடத்தில்
திரும்பத் திரும்ப மெல்ல அழுத்திக்கொண்டிருந்தது.
லூர்துநாதன் திரும்பிப் பார்க்கவில்லை.
கையிலிருந்த ஒரு சுரத்தை விடாமல்
வில்லை மெலிய மெலிய இழுத்தார்.
வில்லுக்கு நீளம் அளவானதுதான்.
அன்று எனக்கு அது
சேலம் வரைக்கும் போனது.

நான் ஊதினேன். நகத்தால் கீறினேன்.
பிரிந்தது. எட்டு.
இரண்டு மூக்கும் மூச்சு இழுத்தன.

முடிந்ததும் கைதட்டினார்கள்,
பகுதிகளுக்கு நடுவிலும் தட்டியிருந்தார்கள்.
பூங்கொத்து, சால்வை, குரூப் போட்டோ.
அதில் நான் பாதித் தோள்.
எப்சிபா என் கையைப் பிடித்துக் குலுக்கினார்,
பிறகு தன் விரலை முகர்ந்து பார்த்தார்,
சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை.

மெத்தை கட்டும்போது
குட்டி யானை ஓட்டும் முனிராஜ் கேட்டார்:
"நடுவுல ஒரு எடத்துல என்ன ஆச்சு?"
ஒன்றுமில்லையே என்றேன்.
"தொப்பூர் எறக்கத்துல
பிரேக்கத் தொடாம கியர்லயே எறக்குவோம்ல,
வண்டில இருக்கறவனுக்குத் தெரியாது.
அந்தாளு அதத்தான் பண்ணாரு."

கயிற்றின் இன்னொரு முனையை என்னிடம் எறிந்தார்.
நாளையும் காலை ஷிப்ட்தான்.
அந்தப் பதினான்கு பீப்பாயைத்
தனியாக எடுத்துவைக்கச் சொல்லவேண்டும்.