பத்து லிட்டர்

நல்ல தண்ணீர்த் தொட்டி நூறு லிட்டர்,
சாம்பல் தண்ணீர்த் தொட்டி தொண்ணூறு.
வாடகை வானின் கையேட்டில்
பதினேழாம் பக்கம் அப்படித்தான் சொல்கிறது.
மிச்சம் பத்து எங்கே போகும் என்று
எழுதியவர் சொல்லவில்லை.

"குடிப்பம்தானே" என்றார் இவர்.
"ஆவியாப் போகும்" என்றேன் நான்.
டிடிசே ஏரிக்கரையில், பெப்ரவரிக் குளிரில்,
ஒரு சண்டைக்கு அதுவே போதுமாயிருந்தது.

பிறகு எல்லாமே லிட்டர்தான்.
நான் முகம் கழுவினால் மூன்று.
இவர் சவரம் செய்தால் நாலு,
குழாயை மூடாமல் கண்ணாடியில் தன்னை ரசித்தால் ஆறு.
அரிசியை ஏன் மூன்று தரம் களைகிறாய்?
உங்கட அம்மாவைக் கேளுங்கோ.

கதவடியில் நாலு சின்ன விளக்குகள்,
தொட்டி எவ்வளவு நிறைந்தது என்று காட்ட.
மூன்று நாளாக இரண்டுதான் எரிந்தன.
உள்ளே அதன் கண்ணில்
பருப்புக்குத் தாளித்த எண்ணெய் படிந்திருக்கிறது,
பாவம், அது பாதி பாதி என்றே சொல்லிக்கொண்டிருந்தது.
நாங்களும் நம்பினோம்.

நாலாம் நாள் விடிய
குளிக்க நின்றேன்.
மேலிருந்து வரவேண்டிய தண்ணீர்
கீழிருந்து வந்தது.
பாதம் மூடி, கணுக்கால் தொட்டு,
முந்தாநாள் களைந்த அரிசி ஏழெட்டு மணி,
ஒரு கறிவேப்பிலைத் துணுக்கு,
இவருடைய நரைத்த சவர மயிர்,
என் பற்பசை நுரை.
போ என்று அனுப்பியதெல்லாம்
வண்டிக்குள் ஆகத் தாழ்ந்த இடம் பார்த்துத்
திரும்பி வந்து நின்றது.
கத்தினேன்.
துவாயோடு ஓடி வந்தவர்
தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
வாயைத் திறந்து மூடிக்கொண்டார்.

இரவு மைனஸ் பதினொன்று.
வண்டிக்கு அடியில், பின்சில்லுக்குப் பக்கத்தில்,
வால்வின் கைப்பிடி கல்லாக இறுகிக் கிடந்தது.
இழுத்தார். இன்னும் இழுத்தார்.
முறிந்தால் நானூறு யூரோ என்று
ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டினேன்.
கேத்திலில் கொதித்த தண்ணீரோடு குனிந்தபோது
அடுத்த வண்டியின் கதவு திறந்தது.
"வேண்டாம்! பிளாஸ்டிக் வெடிக்கும்!"

கீலிலிருந்து வந்தவள், வீப்கே.
அறுபது வயது. தனியாக வண்டி ஓட்டுகிறவள்.
பனியில் ஒரு பாயைப் போட்டு,
முதுகால் நகர்ந்து அடியில் போனாள்,
கையில் தலைமயிர் உலர்த்தும் மெஷினோடு.
கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.
இருபது நிமிடம்
எங்கள் வண்டியின் வயிற்றுக்குச் சூடு காட்டினாள்.
நான் வாளி பிடித்தேன். இவர் வயர் பிடித்தார்.
ஒரு துளி. பிறகு ஒரு இருமல்.
"சீரகமா?" என்று கேட்டது கால்கள்.
"ஓம்" என்றோம், இருவரும் ஒன்றாக,
தமிழில்.

இங்கே ஊற்றக்கூடாது என்று வால்வைத் திரும்ப மூடி
கழிவு மேடைக்கு வழி காட்டினாள்.
முந்நூறு மீட்டர்.
வளைவில் நாங்கள் திரும்பினோம்,
கொஞ்சம் பிந்தித் தொண்ணூறு லிட்டரும் திரும்பியது.

இரும்புக் கிராதிக்கு மேல் நிறுத்தி இழுத்தார்.
சாம்பல் என்று யார் பேர் வைத்தார்களோ,
வந்தது மஞ்சள்.
நல்ல அசல் மஞ்சள்.
தெறித்த இடமெல்லாம் வெண்பனியில் மஞ்சள்.
நாயோடு நடந்துபோன ஒரு குடும்பம்
இவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே.
காலால் பனியைத் தள்ளித் தள்ளி மூடினார்,
காது இரண்டும் சிவக்க.
நான் வண்டிக்குள் போய்க்
குனிந்திருந்து சிரித்தேன்.

இன்றிரவு வீப்கே சொன்னபடி
வால்வு ஒரு விரல் திறந்திருக்கிறது,
கீழே வாளி.
நாங்கள் எதைக் கழுவினாலும்
சற்றுப் பொறுத்து வெளியே கேட்கிறது.
இவர் கோப்பை கழுவினார்: டொக், டொக்.
நான் கை கழுவினேன்: டொக்.

படுக்கப் போகையில்
யன்னல் கண்ணாடிகள் உள்பக்கம் நனைந்து வழிந்தன.
எங்கள் இரண்டு பேரின் மூச்சும்தான்.
பழந்துணியால் துடைத்துத் துடைத்துத்
தொட்டியில் பிழிந்தேன்.
வாளி சொன்னது.
"அரை லிட்டர் கண்டுபிடிச்சிட்டன்" என்றேன்.

நித்திரை என்றுதான் நினைத்தேன்.
போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது:
"மிச்சம் ஒன்பதரை."