மருந்துக்குக்கூட

என் மொழியில் ஒரு வழக்கு உண்டு, வுவாஹிரானா.
ஒன்றுமே இல்லை என்பதற்கு
மருந்துக்குக்கூட இல்லை என்போம்.
நீங்கள் சிரிக்கவில்லை.
தெற்கு மடகாஸ்கரின் செம்மண் சாலையில்
வண்டி மூன்றாம் முறை புதைந்திருந்தது.
"மருந்தே இல்லாவிட்டால் என்ன சொல்வீர்கள்?"
என்றீர்கள், சக்கரத்தைப் பார்த்தபடி.

சாலை முடிந்த இடத்து மருத்துவ நிலையத்தில்
நாற்பது புட்டி கண் சொட்டு மருந்து, எல்லாம் காலாவதி.
யாரோ ஒரு நாடு அன்பாய் அனுப்பியது.
வலிப்பு கண்ட கர்ப்பிணிக்கான மக்னீசியம் சல்பேட்
இருக்கவேண்டிய தட்டில்
இரண்டு பல்லி முட்டை.
செவிலியர் ட்சிவெரி
(தொலையாதவர் என்று பொருளாம் அந்தப் பெயருக்கு)
இருப்பு அட்டையை எழுதாமல் விட்டிருந்தார்.
சுழியம் போட்டால் தலைநகரில் ஏசுவார்கள்.
எழுதாதது வேறு, சுழியம் வேறு
என்று மட்டும் சொல்லிப் பேனாவை நீட்டினீர்கள்.
தேதியும் போடச் சொன்னீர்கள்.

விலையை நீங்கள் அரியாரியில் குறிக்கவே இல்லை.
நாற்று நடும் கூலி நாள்களில் குறித்தீர்கள்.
கணக்குப் போட வந்த நான் பெருக்கிச் சொன்னேன்:
பிள்ளையின் நிமோனியாவுக்கு அமாக்சிசிலின்,
நான்கு நாள் நடவு.
ஐந்து நாள் கொடுக்கவேண்டிய மாத்திரையைச்
சந்தையில் மூன்று நாளுக்கே வாங்குகிறார்கள்.
விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழியை
அன்று வாய்வரை வந்தும் விழுங்கினேன்.

"அலமாரி எண்ணுவதற்கா பேராசிரியர் பதவி?"
என்றது பல்கலைக்கழகம்.
எட்டு ஆண்டு.

பிறகு அந்த மாத்திரை.
துறைக்குக் கரைதிறன் கருவி வாங்கித் தந்தவரே
இறக்குமதி செய்த மாத்திரை.
அரை மணியில் கரையவேண்டியது
மூன்று மணி கழிந்தும்
கூழாங்கல் போல அடியில் கிடந்தது.
அறிக்கை வெளியான வாரம்
நான்கு பேர் வந்து கருவியைத் தூக்கிப் போனார்கள்,
மேசையில் அதன் கால்தடம் நான்கு.
வெந்நீர்க் கெண்டி, கண்ணாடித் தம்ளர்,
அண்ணனிடம் வாங்கிய கைக்கடிகாரம்.
அடுத்த தொகுதியையும் சோதித்தீர்கள்.
அதுவும் கல்தான்.

நாடு முழுக்கத் திரும்பப் பெற்றார்கள்.
வாழ்த்துச் சொல்ல வந்தவர்களை
உட்காரச் சொல்லவில்லை நீங்கள்.
மாற்று மாத்திரை வரப் பதினோரு மாதம் ஆயிற்று.
கெட்டதும் இல்லை, நல்லதும் இல்லை.
அடுத்த கட்டுரையின் அடிக்குறிப்பில்
சின்ன எழுத்தில் ஒரே வரி:
இந்த இடைவெளிக்கு ஆசிரியரும் பொறுப்பு.
நீக்கிவிடலாம் என்றேன்.
என்னிடம் அதன்பின் இரண்டு வாரம் பேசவில்லை.

மக்னீசியம் சல்பேட்டின் கதை அவ்வளவு சூடில்லை.
அத்தியாவசியப் பட்டியலில் அது எப்போதோ ஏறியிருந்தது,
பெரிய மருத்துவமனை என்ற பத்தியில் மட்டும்.
கடைசிப் பத்தியில், ட்சிவெரியின் பத்தியில்,
ஒரு சரிக்குறி போட ஒன்பது கூட்டம்.
ஏழாவதில் தேநீர்கூடத் தரவில்லை.
செவிலியர் கையில் ஊசியா என்று கேட்டவருக்கு
அவருடைய ஊரிலிருந்து ஆஸ்பத்திரி
மாட்டுவண்டியில் எத்தனை மணி என்று
திருப்பிக் கேட்டீர்கள்.
அவருக்குத் தெரிந்திருந்தது.

ஓய்வு பெறும் நாளில் துறைத்தலைவர் பேச்சு நீண்டது.
பாதியில் உங்கள் கைப்பேசி.
ட்சிவெரி.
சபையை மறந்து உரக்கப் பேசினீர்கள்.
இருபது குப்பி வந்ததாம். ஆறு செலவு.
பெண்ணும் பிள்ளையும்
நேற்றே வண்டியேறிப் போய்விட்டார்கள்.
மீதி பதினான்கு, அட்டையில் எழுதியாயிற்று.

கைதட்டத் தயாராக இருந்தோம்.
நீங்கள் கேட்டது இவ்வளவுதான்:
"ராத்திரியில் அலமாரிச் சாவி யாரிடம்?"

மறுமுனையில்
சற்று நேரம்
பதில் இல்லை.