கைமாற்று

இரவு மூன்று நாற்பத்தேழு.
ஐம்பதில் நிற்கவேண்டிய எண்
நாற்பத்தொன்பது புள்ளி எட்டுக்கு இறங்கியது.

கட்டுப்பாட்டு அறையில் நானும் ரோஸ்லானும்.
அவன் கையில் பாதி கடித்த கரிப்பாப்.
"எங்கே?" என்றேன்.
"நம்முடையது இல்லை" என்றான்.
அக்கரையில், வடக்கே எங்கோ,
பெரிய இயந்திரம் ஒன்று
சொல்லாமல் கொள்ளாமல் படுத்துவிட்டது.

நான் தொலைபேசியை எடுப்பதற்குள்
செனோக்கோவையும் பிளெந்தோங்கையும் கட்டியிருக்கும்
நீரடி வடத்தில்
அம்புக்குறி வடக்கே திரும்பிக்கொண்டது.
எங்கள் சுழலிகள் தாமாகவே தோள்கொடுத்தன.
உத்தரவில்லை.
ஒரு தாளில்கூட முத்திரை விழவில்லை.
ஒரே கட்டிலில்
பேச்சுவார்த்தை இல்லாமல் படுத்திருக்கும் இருவரில்
ஒருவர் புரண்டால்
மற்றவர் உடம்பு தானாகச் சாயுமே,
அப்படி.

பகலில் செய்தியில் வேறு பேச்சு.
ஆயிரம் கேலன் தண்ணீருக்கு மூன்று சென்,
இது நியாயமா என்று அவர்கள்.
கையெழுத்து கையெழுத்துதான் என்று நாங்கள்.
வான்வெளி யாருடையது,
எந்தக் கப்பல் எதுவரை நங்கூரமிடலாம்.
வரவேண்டிய ரயில் ஒன்று
வரைபடத்திலேயே நின்றுபோய்
நட்ட ஈடாக மட்டும் வந்துசேர்ந்தது.

லாவோஸ் மலையில் பெய்த மழை
இரண்டு நாட்டுக் கம்பிகளில் நடந்து
வாசலுக்கு வாசல் கூலி கொடுத்து
எங்கள் பிளாக்கின் லிஃப்டில் ஏறும்.
அந்த ஒப்பந்தக் கோப்பை
ஒருமுறை தூக்கிப் பார்த்திருக்கிறேன்.
மழையைவிடக் கனம்.

அன்றிரவு நாங்கள் கொடுத்ததும்
எங்களுடையது என்று எப்படிச் சொல்ல?
இங்கே எரிந்த வாயு
சுமத்ராவின் அடியில் கிடந்தது,
கொஞ்சம் அவர்கள் கடலிலிருந்தே வந்தது.
வாங்கியதைத்தான் கொடுத்தோம்.

பதினொரு நிமிடம்.
எண் ஐம்பதுக்குத் திரும்பியது.
ரோஸ்லான் மீதிக் கரிப்பாப்பைத் தின்றான்.

ஆறு மணிக்கு என்னை விடுவிக்க வேண்டியவர்
குலசேகரன். வீடு தம்போயில்.
மாற்றாள் வராமல் நாற்காலியை விட்டு எழக்கூடாது.
ஆறரை.
ஏழு.
கடற்பாலத்திலிருந்து ஒரு படம் அனுப்பினார்:
'கைரேகை மெஷின் படுத்துடுச்சு. நகரவே இல்ல.'
மழைக்கோட்டுகள், ஹெல்மெட்டுகள்,
ஆயிரம் சிவப்பு விளக்குகள்.
ஓரத்தில் தண்ணீர்க் குழாய் மட்டும்
கடவுச்சீட்டு இல்லாமல்
முன்னேறிக்கொண்டிருந்தது.

ஏழே முக்காலுக்கு வந்தார்.
சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
"ராத்திரி ஏதாச்சும் உண்டா?"

பதிவேட்டை நீட்டினேன்.
'திட்டமிடாப் பரிமாற்றம்' என்று
அச்சிட்ட கட்டத்தில் என் கிறுக்கல்.
அதற்கு விலை கிடையாது, வட்டி கிடையாது.
வேறொரு நாள், ஏறத்தாழ இதே நேரத்தில்,
அதே அளவை மின்சாரமாகவே
திருப்பித் தருவார்கள்.
படித்துவிட்டுச் சிரித்தார்.
"எங்க தாமான்ல இதுக்குப் பேரு கைமாத்து."

பிறகு நேரத்தை மறுபடி பார்த்தார்.
"மூணே முக்காலா?
அப்பத்தான் குளிச்சிட்டிருந்தேன்.
சுடுதண்ணி நல்லாத்தானே வந்துச்சு."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
நாற்காலியை அவர் பக்கம் தள்ளினேன்.
திரையில் ஐம்பது,
புள்ளி பூச்சியம் ஒன்று
கூடுதலாக.